மணக்குடிக் காயலோரம் நான்கு ஏக்கர் கடற்கரைத் தோப்பு விற்பனைக்கு வந்துள்ளது: வாங்கலாமா?

மஸ்கட்_தக்கலை (வெள்ளி, இரவு 10.15)

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பது ஆண்டுகள் மஸ்கட்டில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு, வரும் பங்குனியில் நிரந்தரமாக ஊர் திரும்புகிறேன். சொந்த ஊர் தக்கலை. கடலோரத்தில் ஒரு தோப்பு வாங்கி அதிலேயே குடியிருக்க வேண்டும் என்பது என் மனைவிக்கும் எனக்கும் நெடுநாளைய ஆசை. இப்போது அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், மணக்குடிக் காயலுக்கு மேற்கே ஓர் இடம் விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் வயதான அம்மா என்பதால் ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை.

பரப்பு நான்கு ஏக்கர். சுமார் 210 தென்னைகள், கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் தாழை வேலி, நடுவில் திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு, அதன் பின்னால் ஒரு வட்டக் கிணறு. வடக்கே சாலை. அண்டை வீடு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. தரகர் அனுப்பிய விளம்பரத்தில், ‘ஆளரவமற்ற கடலோர எஸ்டேட், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவை ஒட்டியது, ரிசார்ட்டுக்கு மிகப் பொருத்தம்’ என்று எழுதியிருந்தது. வீட்டைத் திருத்தி நாங்கள் குடியிருந்துகொண்டு, தோப்புக்குள் விருந்தினர் தங்க நான்கு சிறு குடில்கள் கட்டலாம் என்பது என் எண்ணம். மூலப் பத்திரம் மலையாள எழுத்தில், 1112 என்று ஆண்டு குறித்து இருக்கிறது. சென்ற முறை விடுப்பில் வந்தபோது ஒரு மணி நேரம் நடந்து பார்த்தேன். மனம் அங்கேயே நின்றுவிட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய_சங்கிலி (சனி, காலை 6.40)

தம்பி, நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் சங்கிலி பிடித்தவன். முன்பணம் கொடுக்கும் முன் கேட்டீர்களே, அதுவே நல்லது. ஒரே ஒரு விவரம் வேண்டும். கடல் பக்கத்துத் தாழை வேலியிலிருந்து வடக்கே சாலை வரை நீளம் எவ்வளவு? வேலிக்கும் நீருக்கும் இடையில் மணல் எவ்வளவு அகலம்?

மஸ்கட்_தக்கலை (சனி, காலை 9.05)

ஐயா, புல வரைபடத்தின்படி கடலோர முகப்பு 90 மீட்டர், வேலியிலிருந்து சாலை வரை 180 மீட்டர். வேலிக்கு வெளியே மணற்பரப்பு நான் பார்த்தபோது நாற்பது ஐம்பது அடிகளாக எடுத்து வைத்தால் நீர் தொடும் அளவில் இருந்தது.

பழைய_சங்கிலி (சனி, பிற்பகல் 1.30)

அப்படியானால் கணக்கைப் பொறுமையாகப் பாருங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991 பிப்ரவரி 19 அன்று வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. மூன்றிலும் அளவு தொடங்கும் இடம் உங்கள் வேலியோ அன்றைய அலையோ அன்று, உயர் ஓதக் கோடு. பெரிய ஓதத்தின்போது கடல் ஏறி நிற்கும் எல்லை அது. அதற்கென்று அதிகாரம் பெற்ற நிறுவனம் வரைந்த வரைபடத்தில் மட்டுமே அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். தரகர் கையை நீட்டிக் காட்டும் இடத்தில் பார்க்கக்கூடாது.

ஊரகக் கடற்கரை மூன்றாம் வகையில் வரும். அந்த வகையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை இதில் ஒரு பிரிவினை செய்திருக்கிறது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதியானால் தடை 50 மீட்டராகக் குறையும், அதற்கும் குறைவானால் பழைய 200 மீட்டரே நிற்கும். குமரி மாவட்டத்து மீனவர் ஊர்கள் நெருக்கமானவை. ஆனால் நீங்கள் விரும்பியதோ அண்டை வீடு இல்லாத இடம். உங்கள் தோப்பு எந்தப் பிரிவில் விழுகிறது என்பதை, மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் சர்வே எண்ணைப் பொருத்திப் பார்த்து, சான்றொப்பமிட்ட நகலாக வாங்குங்கள்.

200 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். உயர் ஓதக் கோடு வேலிக்கு வெளியே 30 மீட்டரில் இருந்தால், உங்கள் 180 மீட்டரில் 170 மீட்டர் தடைக்குள் போய்விடும். மிஞ்சுவது சாலையோரம் 10 மீட்டர் அகலமும் 90 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பட்டை. 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். நான்கு ஏக்கருக்கு விலை கொடுத்து 22 சென்ட்டில் மட்டுமே, அதுவும் முன் அனுமதி பெற்று, கட்ட முடியும். மற்ற இடத்தில் தென்னை வளர்க்கலாம், தோட்டம் போடலாம். பழைய வீடு முறையாகக் கட்டப்பட்டது என்று நிறுவ முடிந்தால், அதே அடித்தளப் பரப்புக்குள் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் வழி உண்டு. அதற்கு 1991-க்கு முந்தைய வீட்டுவரி ரசீதுகள் உயிர். அந்த அம்மாவிடம் தகரப் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

காயல் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலைக்கும் கரையிலிருந்து தடை அளவு உண்டு. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காடு அரசு நிலத்தில் இருந்தால், அதைச் சுற்றி 50 மீட்டர் மிகக் கடுமையான பிரிவில் சேரும்.

நாஞ்சிலான் (சனி, மாலை 5.10)

ஐயா சொல்வது சட்டம். நடைமுறையில் நம் கடற்கரை நெடுக விடுதிகள் எழும்பியிருக்கின்றனவே, யார் கேட்டார்கள்? கட்டி முடித்து வரி கட்டத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே என் கருத்து.

பழைய_சங்கிலி (சனி, இரவு 8.00)

கொச்சியை அடுத்த மரட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். உரிய வரி கட்டி, வங்கிக் கடன் வாங்கி, குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த நான்கு அடுக்குமாடித் தொகுப்புகளை, கடற்கரை விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டே நாளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டி விற்றவர்களைக் காட்டிலும் வாங்கிக் குடியிருந்தவர்களின் அழுகையைத்தான் தொலைக்காட்சியில் பார்த்தோம். பத்தொன்பது ஆண்டு வெயிலில் நின்று சேர்த்த பணத்தை அந்த வரிசையில் நிறுத்தச் சொல்லி ஒருவருக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆமை_நடை (ஞாயிறு, காலை 7.20)

விளம்பரத்தில் உள்ள ‘இயற்கைப் பூங்கா’ என்ற சொல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விலையே அந்தச் சொல்லின் மேல் ஏறி நிற்கிறது. நம் மாவட்டத்தில் கடலோரத் தேசியப் பூங்கா எதுவும் கிடையாது. 402 சதுர கிலோமீட்டர் பரந்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் முழுக்க முழுக்க மலைப்பகுதியில் இருக்கிறது. நீங்கள் பார்த்த தோப்பின் அருகே இருப்பது சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகளைச் சேர்த்த பாதுகாப்புக் காப்பகம். இதில் சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. தேரூர்க் குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் இறங்குவதை நாகர்கோவில் போகும் பேருந்திலிருந்தே பார்க்கலாம். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் பூநாரை வந்து நிற்கும். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் வலசைப் பறவைகளுக்கு நம் மாவட்டமே நிலத்தின் கடைசி முனை. அதற்கப்பால் கடல்தான்.

சரணாலயத்தைப் போல ஊராரை வெளியேற்றிவிட்டு வேலி போடுவதல்ல பாதுகாப்புக் காப்பகம். அரசு நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்து அறிவிக்கப்படுவது. மீன்பிடிப்பவரும் நண்டு பிடிப்பவரும் அங்கே வழக்கம்போலத் தொழில் செய்கிறார்கள். ஆகவே, ‘பூங்காவை ஒட்டிய ஆளரவமற்ற இடம்’ என்று நினைத்து வாங்குபவருக்கு விடியற்காலை நான்கு மணிக்குக் காயலில் கேட்கும் பேச்சுக்குரல் ஏமாற்றமாக இருக்கும். அந்தக் குரல்களையும் விரும்பக்கூடியவர் வாங்க வேண்டிய இடம் அது.

இன்னொன்று, நான் நேரில் கண்டது. தை முதல் பங்குனி வரை எங்கள் குழு இரவில் கடற்கரையில் நடக்கும். பங்குனி ஆமை கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல்கூட இட்டு, மணலைத் தள்ளி மூடி, மார்பால் அழுத்திவிட்டுத் திரும்பிப் போகும். போன தடம் டிராக்டர் டயர் உருண்டதுபோல் மணலில் கிடக்கும். நாங்கள் முட்டைகளை எடுத்து வனத்துறைப் பொரிப்பகத்தில் சேர்ப்போம். எங்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு குழி, ஏழெட்டு வாரம் கழித்து ஓர் இரவில் தானாகவே பொரிந்தது. குஞ்சுகள் கடலை அறிவது வெளிச்சத்தால். நீர்ப்பரப்பின் மேலே வானம் சற்று வெளுத்திருக்கும்; அதை நோக்கி நடக்கும். அன்று பின்னால் ஒரு தங்கும் விடுதியின் முற்றத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் பாதியளவு இருந்த குஞ்சுகள் அத்தனையும் கடலுக்கு முதுகைக் காட்டி, அந்த விளக்கை நோக்கிப் போய், மதிற்சுவரின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஓலைக்கூடையில் அள்ளினோம். சில அப்போதே காய்ந்து அசைவற்றுப் போயிருந்தன. விடுதிக்காரரைக் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொன்னபோது, அவர் குற்ற உணர்வோடு ஓடிவந்து அணைத்தார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: அந்த இடத்தை வாங்கினால், தெற்குத் திண்ணையில் கடலுக்குத் தெரியும்படி ஒரு விளக்கும் எரிய வேண்டாம். தாழை வேலியை வெட்டி மதில் எழுப்பவும் வேண்டாம். ஓட்டு வீட்டின் வெளிச்சத்தை இத்தனை காலம் மறைத்தது அந்தத் தாழைதான்.

கரைமடி_மகள் (ஞாயிறு, பிற்பகல் 3.45)

இங்கே இதுவரை எழுதியவர்கள் கட்டடத்தையும் பறவையையும் பற்றி எழுதினார்கள். நான் பாதையைப் பற்றிக் கேட்கிறேன். அண்ணன், அந்தத் தோப்பின் கிழக்கோரத்தில் சாலையிலிருந்து கடற்கரைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போகிறதா?

நான் கரைமடி இழுக்கும் குடும்பத்தில் பிறந்தவள். இப்போது பள்ளி ஆசிரியை. கரைமடி என்பது ஒரு வள்ளத்தில் வலையை வளைத்துக் கொண்டுபோய் விட்டு, இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இருபது முப்பது பேர் இழுப்பது. அதற்கு இயந்திரம் வேண்டாம், துறைமுகம் வேண்டாம். வலையையும் கயிற்றையும் கரைக்குக் கொண்டுபோக வழி ஒன்று வேண்டும். மீனைக் கூடையில் சுமந்து பெண்கள் சாலைக்கு வர அதே வழி வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தோப்பு கைமாறியது. வாங்கியவர் பெரும்பொருள் படைத்தவர். பத்திரத்தில் பாதை என்று ஒரு சொல்லும் இல்லை என்று காட்டி, ஒரே மாதத்தில் சுற்று மதில் கட்டினார். என் அம்மா அப்போது அறுபது வயதைக் கடந்தவர். விடியற்காலையில் தலையில் மீன்கூடையோடு ஒன்றரை கிலோமீட்டர் சுற்றி நடந்துதான் முதல் பேருந்தைப் பிடித்தார். சுற்றி வரும் நேரத்தில் பேருந்து போய்விட்டால் அன்றைய மீனுக்கு விலை இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே கடல் தூக்கி எறிந்த நாள். அன்று எங்கள் தெருக்காரர்கள் உயிர் பிழைத்தது இப்படித் தோப்புகளுக்குள் போன பாதைகள் வழியாக வடக்கே ஓடியதால். அன்று அந்த மதில் இருந்திருந்தால் என்று நினைக்கவே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கடற்கரையில் ‘தனிமை’ என்று விற்கப்படுவது பல இடங்களில் எங்களை வெளியே நிறுத்திய தனிமை. நீங்கள் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. அதனால்தான் நேராகக் கேட்கிறேன்.

நீதிமன்ற_வளாகம் (திங்கள், இரவு 9.30)

சகோதரியின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எவரும் குறிப்பிடாத ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது. நீங்கள் இப்போது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர். அந்நியச் செலாவணி விதிகளின்படி அப்படிப்பட்டவர் வீடோ மனையோ வணிகக் கட்டடமோ வாங்கலாம்; ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. மரபுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வருவாய்க் கணக்கில் தென்னந்தோப்பாகப் பதிவாகியுள்ள நான்கு ஏக்கரை மஸ்கட்டில் இருந்தபடியே பவர் கொடுத்து உங்கள் பெயரில் எழுதினால், பிற்காலத்தில் பெருந்தொல்லை வரும். பங்குனியில் நிரந்தரமாகத் திரும்பி வந்து, இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலைக்கு மாறிய பின் கிரயம் எழுதுங்கள். அதுவரை பொறுக்க அந்த அம்மா ஒத்துக்கொள்வாரா என்று பேசிப் பாருங்கள்.

மூலப் பத்திரத்தில் உள்ள 1112 கொல்லம் ஆண்டு. 824-ஐயோ 825-ஐயோ கூட்டினால் 1936, 37 வரும். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேரும் வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில் இருப்பது இயல்பு. அதைப் படிக்கத் தெரிந்த பழைய பத்திர எழுத்தர் ஒருவரிடம் வரிவரியாகத் தமிழில் எழுதி வாங்குங்கள். அதில் உள்ள பழைய சர்வே எண்ணும் இப்போதைய ரீசர்வே எண்ணும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்பது முதல் சோதனை. நான்கு எல்லைகளை அதில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. தெற்கெல்லை ‘கடல்’ என்று இருக்கிறதா, ‘கடல் புறம்போக்கு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றை 30 ஆண்டோடு நிறுத்தாமல் கிடைக்கும் வரை பின்னோக்கிப் போங்கள். தாய்வழிச் சொத்தானால் மகன், மகள், இறந்தவரின் பிள்ளைகள் என்று ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். மும்பையில் இருக்கும் ஒரு பங்காளியின் கையெழுத்து விட்டுப்போய்ப் பதினைந்து ஆண்டு வழக்கு நடந்த தோப்பு எனக்குத் தெரியும். அதற்குள் தென்னைகள் பட்டுப்போயின.

பாதையைப் பற்றி. 1112-ஆம் ஆண்டுப் பிரமாணத்தில் ‘வழி’ என்று ஒரு சொல் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். பழைய எழுத்தர்கள் அதை விடமாட்டார்கள். மேலும், கடற்கரை அறிவிக்கையிலேயே வேலி போடுவதானாலும் பொதுமக்கள் கடற்கரைக்குச் செல்வதைத் தடுக்கக்கூடாது என்றும், இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே 20 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்றும் இருக்கிறது.

மேற்குக்கரை (செவ்வாய், காலை 11.00)

நான் குளச்சலுக்கு மேற்கே இரண்டு ஏக்கர் வாங்கியவன். சுருக்கமாக எழுதுகிறேன். வாங்கியபோது தெற்கே மூன்று வரிசைத் தென்னைகளுக்கு அப்பால் மணல் இருந்தது. பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட பின், அந்த ஊரில் மணல் சேர்ந்தது. எங்கள் கரையில் மணல் போனது. மூன்று வரிசையில் இரண்டு இப்போது கடலில். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் போனது ஒரு பகுதி, மீதி சிறுகச் சிறுக. காற்றே இல்லாத நாளில் எழும்பி வரும் கள்ளக்கடலை வாங்கும் முன் நான் அறிந்திருக்கவில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே எழுந்த புயலின் அலை அது. 2024 மே மாதம் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனதும் அத்தகைய நாளில்தான்.

கிணற்றைப் பற்றி ஒரு வேண்டுகோள். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். நான் தரகர் பேச்சைக் கேட்டு ஆழ்துளைக் கிணறு போட்டேன். ஒரே கோடையில் உவர்த்துவிட்டது. பழைய வட்டக் கிணறும் அதோடு கெட்டது. உங்கள் வட்டக் கிணற்றில் வாளியால் இறைத்துக்கொள்ளுங்கள்; அதன் பக்கத்தில் எந்திரம் இறக்காதீர்கள். 200 மீட்டருக்குள் எந்திரத்தால் நிலத்தடி நீர் எடுக்க விதியும் இடம்தராது.

மணவாளக்குறிச்சிப் பக்கமோ கிள்ளியூர் வட்டமோ பார்ப்பவர்கள், கனிம மணல் எடுக்கக் குறிக்கப்பட்ட பரப்பில் தங்கள் சர்வே எண் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக மக்கள் திரண்டதை நாம் கண்டோம்.

மஸ்கட்_தக்கலை (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.50)

பதில் எழுதத் தாமதித்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் விடுப்பெடுத்து வந்து, உங்கள் ஒவ்வொருவரின் சொல்லையும் குறிப்பேட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, மச்சானுடன் தோப்புக்குப் போனேன்.

வரைபட நகல் கிடைத்தது. தடை 200 மீட்டர்தான். உயர் ஓதக் கோடு வேலியிலிருந்து 28 மீட்டரில் போகிறது. பழைய_சங்கிலி ஐயா இரண்டு மீட்டர்தான் பிசகியிருக்கிறார். அந்த வரைபடத்தைத் தரகர் முன் விரித்தபோது அவர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்; திரும்பி வரவில்லை. அந்த அம்மாவோடு நேரில் பேசினோம். வீட்டுவரி ரசீதுகள் தகரப் பெட்டியில் இல்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி இருந்தன. 1968-லிருந்து ஓர் ஆண்டும் விடாமல் இருக்கின்றன. குடில் கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டோம். அதை நான் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. மனை விலை கேட்டது தரகர்தானாம். தோப்பு விலைக்குக் கொடுக்கவும், பங்குனி வரை பொறுக்கவும் அவர் இசைந்திருக்கிறார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதத்தையும் ஒதுக்கிவிட்டேன்.

கிணற்று நீரைக் கையில் அள்ளிக் குடித்தேன். சித்திரை வெயிலிலும் இப்படியே இருக்குமா என்று கேட்டேன். ‘எங்கம்மை காலத்துல இருந்தே இப்படித்தான், நாங்க வாளி மட்டும்தான் போட்டிருக்கோம்’ என்றார். அந்தச் சகடையின் கயிறு தேய்த்த பள்ளத்தில் என் கட்டைவிரல் முழுதாக அடங்கியது.

சகோதரி கேட்ட பாதை இருக்கிறது. முதல் முறை போனபோது நான் அதைப் பார்த்தும் பார்க்காமல் வந்திருக்கிறேன். கிழக்கோரத்தில், சாலை முதல் தாழையில் ஓர் ஆள் புகும் இடைவெளி வரை, புல் முளைக்காமல் வெளுத்துக் கிடக்கிறது. மலையாளப் பிரமாணத்திலும் ‘வழி’ இருக்கிறது. ஆகவே கிரயப் பத்திரத்தில், ‘கிழக்கோரம் ஆறடி அகலத்தில் ஊரார் கடற்கரைக்குச் செல்ல வாங்குபவர் அனுமதி அளிக்கிறார்’ என்று எழுதச் சொல்லலாம் என்று இருக்கிறேன். சரியா?

நீதிமன்ற_வளாகம் (திங்கள், காலை 7.15)

‘அனுமதி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அனுமதி கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். நாளை உங்கள் பிள்ளைகளோ, அவர்களிடம் வாங்குபவரோ திரும்பப் பெறுவார்கள். ‘நெடுங்காலமாக ஊரார் அனுபவித்து வரும் வழிநடைப் பாத்தியத்துக்கு உட்பட்டு’ என்று சொத்து விவரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதைவிடவும் உறுதியான வழி, பாதையை மட்டும் தனி உட்பிரிவாக அளந்து, கிரயம் முடிந்தபின் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுப்பது. புல வரைபடத்தில் ஏறிய பாதையை எவரும் மதில் கட்டி மறைக்க முடியாது.

கரைமடி_மகள் (திங்கள், மாலை 6.30)

அண்ணன், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறடி போதாது என்றார். மடியைக் கம்பில் கோத்து இருவர் தோளில் கொண்டுபோகும்போது எதிரே கூடைக்காரி வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். பத்தடி இருந்தால் நல்லது.

மஸ்கட்_தக்கலை (செவ்வாய், இரவு 9.20)

பத்தடியாகவே அளக்கச் சொல்லியிருக்கிறேன். தனி உட்பிரிவாக்கித் தானமாகவே எழுதிவிடுவோம் என்று மனைவியும் சொல்லிவிட்டாள். 13 சென்ட் போகும். ஒரு சிறு சிக்கல் மட்டும் இருக்கிறது. கடலை நெருங்கும் இடத்தில் இரண்டு தென்னைகள் பாதைக்குள் நிற்கின்றன. வெட்டிவிடவா?

கரைமடி_மகள் (செவ்வாய், இரவு 9.55)

வெட்ட வேண்டாம் அண்ணன். மடியை இறக்கி வைத்து எல்லோரும் மூச்சுவாங்குவது அந்த இரண்டு மரத்தடியில்தான்.